முத்துக்குளித்துறையில் வேடமும் ஓடும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கு மேற்கே, வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் கொற்கை, ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கியது என்பதை அந்த ஊரின் இன்றைய தோற்றத்தைக் கொண்டு எவராலும் ஊகிக்க முடியாது. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைக் கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளிவிட, துறைமுகம் சிற்றூராகச் சுருங்கியது. 1968-69ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கு நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டதால் ஊரின் தொன்மைக்கு அறிவியல் சான்றும் உண்டு. ஆனால் பயணியின் கண்ணில் படுபவை மிகப் பழையது என்று ஊரார் காட்டும் ஒரு வன்னி மரமும், குளத்தை ஒட்டிய வெற்றிவேலம்மன் கோயிலுமே. அந்த அம்மனைக் கண்ணகி என்று ஊர் மரபு சொல்கிறது. மதுரை எரிந்த பின் கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு விழா எடுத்தான் என்று சிலப்பதிகாரம் கூறுவதால், அந்த மரபு காப்பியத்தோடும் பொருந்தி நிற்கிறது.

கண்ணகியின் கணவன் கோவலனின் கதை மதுரையிலேயே முடிந்தாலும், அவன் மகளின் கதை இன்னொரு காப்பியமாக நீள்கிறது. தமிழில் முழுமையாக எஞ்சியுள்ள ஒரே பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் எல்லோர் நினைவிலும் நிற்பது அமுதசுரபி, அதாவது எடுக்க எடுக்கக் குறையாமல் சோறு சுரக்கும் பிச்சைப் பாத்திரம். அந்தப் பாத்திரம் புகாரிலோ காஞ்சியிலோ பிறந்ததன்று; அது பாண்டிய நாட்டுப் பாத்திரம் என்பது பலரும் கவனிக்காத செய்தி. குமரிக்கு நீராட வந்த சாலி என்ற பெண் வழியில் விட்டுச்சென்ற குழந்தையே ஆபுத்திரன். அவன் மதுரையில் வீடுவீடாகப் பிச்சை எடுத்து, குருடரும் செவிடரும் முடவரும் உண்ட பிறகு மிச்சத்தைத் தான் உண்டு, ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்தவன். அவன் இரக்கத்தைக் கண்டு சிந்தாதேவி என்னும் தெய்வம் அளித்ததே அமுதசுரபி. பின்னர் அவன் கப்பலேறிச் சாவக நாடு செல்லும் வழியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு, கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். மணிமேகலைக்குப் பாத்திரம் கிடைத்தது அந்தப் பொய்கையில்தான்.

கொற்கையிலிருந்து தெற்கே குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு வரை செல்லும் கடற்கரையைப் பௌத்தத் திரைப்படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது முதலில் பொருந்தாத முயற்சியாகத் தோன்றலாம். பௌத்தம் சார்ந்த படங்களுக்கென்றே தனி விழாக்கள் இன்று உலகில் பல இடங்களில் நடக்கின்றன. அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய சர்வதேச பௌத்தத் திரைப்பட விழா அவற்றுள் நன்கு அறியப்பட்டது. அத்தகைய விழாவில் புத்தரின் வரலாறு, பிக்குகளின் வாழ்க்கை, ஜாதகக் கதைகள், பௌத்த நாடுகளின் போரும் புலம்பெயர்வும் ஆகிய அனைத்தும் திரைக்கு வருகின்றன. இவற்றில் மீண்டும் மீண்டும் தோன்றும் இரண்டு செயல்கள் உண்டு: ஒருவர் தம் பழைய உடையைக் களைந்து வேறு உடை பூணுவதும், அந்த உடையோடு ஓடேந்தி அயலார் வாசலில் நிற்பதும். இவ்விரண்டையும் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான மனிதர்கள் தெருவில் இறங்கிச் செய்யும் ஊர் குலசேகரன்பட்டினம் என்பதால், முயற்சி பொருத்தமற்றதன்று.

இந்தக் கரைக்குப் பௌத்தம் அயல் சரக்குமன்று. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்பாடு செய்யப்பட்ட எல்லைப்புற நாடுகளைச் சொல்லும்போது சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைக் குறித்துத் தாம்பபண்ணி வரை செல்கிறது. பாலி நூல்களில் இலங்கைக்கு வழங்கும் இந்தப் பெயரும் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்த ஆற்றின் பெயரும் ஒன்றே. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், தெற்கே மலகூடம் என்னும் முத்து வணிக நாட்டில் விகாரைகள் பல இடிந்து, மிகச் சிலவே எஞ்சியிருப்பதாகத் தாம் கேட்டறிந்ததை எழுதிவைத்தார். விகாரை என்பது துறவிகள் தங்கும் மடம். அசோகனின் உறவினரான மகேந்திரர் கட்டியதாகச் சொல்லப்பட்ட ஒரு மடத்தின் இடிபாட்டையும் அவர் குறிப்பிடுகிறார். அவலோகிதர் என்னும் போதிசத்துவர் உறையும் போதலக மலையும் அந்த நாட்டில்தான் இருப்பதாக அவர் எழுதியதால், அது பொதிகை மலையே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். மழை ஓய்ந்த தெளிவான நாளில் இந்தச் சமவெளியிலிருந்து மேற்கே தெரியும் நீலக் கோடு அந்த மலைத்தொடரே.

பழையகாயலும் காயல்பட்டினமும் கொற்கைக்குப் பின் தலையெடுத்த துறைகள். அரபுக் குதிரைகள் இறங்கிய காயல் துறைக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அதன் வணிகச் செழிப்பை விரிவாக வர்ணித்துள்ளார். அதே நூலின் இலங்கைப் பகுதியில் அவர் ஓர் அரசகுமாரனின் கதையைச் சொல்கிறார். முதுமையையும் சாவையும் முதன்முதலாகக் கண்டு, அரண்மனையைத் துறந்து மலையேறிய அந்த இளவரசன் சாக்கியமுனி எனப்படும் புத்தரே. அவர் கிறித்தவராக இருந்திருந்தால் பெரும் புனிதராகப் போற்றப்பட்டிருப்பார் என்பது போலோவின் கருத்து. புத்தர் கதை அதற்கு முன்பே வேறு பெயரில் ஐரோப்பாவை அடைந்து, பர்லாம், யோசபாத்து என்ற இரு கிறித்தவப் புனிதர்களின் கதையாக உலவிக்கொண்டிருந்தது. ஒரு கதை மதம் மாறியும் உடை மாறியும் கடல் கடப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

அந்தக் கதை திரைக்கு வந்த வழியும் கடல் கடந்த வழிதான். 1879இல் எட்வின் அர்னால்டு ஆங்கிலத்தில் எழுதிய புத்தர் காவியத்தைத் தழுவித் தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘ஆசிய ஜோதி’யைத் தமிழுக்குத் தந்தார். அதே காவியத்தைக் கொண்டு இமான்சு ராயும் ஜெர்மானிய இயக்குநர் பிரான்ஸ் ஆஸ்டெனும் 1925இல் ‘பிரேம் சன்னியாஸ்’ என்ற மௌனப் படத்தை உருவாக்கினர். அதில் ராயே கௌதமராக நடித்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் தாதாசாகேப் பால்கே ‘புத்ததேவ்’ எடுத்திருந்தார். புத்தரின் 2500ஆம் ஆண்டையொட்டி 1956இல் பிமல் ராய் தயாரிப்பில் ராஜ்பன்ஸ் கன்னா இயக்கிய ‘கோதம புத்தர்’ என்ற ஆவணப்படம் நேர்மாறான வழியை மேற்கொண்டது: எவரையும் புத்தர் வேடத்தில் நிறுத்தாமல் சிற்பங்களையும் ஓவியங்களையும் இடங்களையும் மட்டுமே காட்டிக் கதையைச் சொன்னது. புத்தரை மனித உடலில் காட்டலாமா என்ற கேள்வி இந்தப் படங்கள் எல்லாவற்றின் அடியிலும் கிடக்கிறது.

திருச்செந்தூரைக் கடந்ததும் நிலத்தின் நிறம் மாறுகிறது. தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும் பனங்காடுகளும் சாலையின் மேற்புறத்தை நிறைக்க, கருப்பட்டிக்குப் பெயர்போன உடன்குடியின் வண்டிகள் எதிர்ப்படுகின்றன. அடுத்து வருவது ஊரார் குலசை என்று சுருக்கி அழைக்கும் குலசேகரன்பட்டினம். இங்குள்ள உப்பளத்தில் 1942 ஆகஸ்டு இயக்கத்தின்போது லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டதும், அதையொட்டிய சதி வழக்கில் இளைஞர் இருவர் தூக்குத் தண்டனை வரை சென்று மீண்டதும் தமிழக விடுதலைப் போர் வரலாற்றில் தனி இடம் பெற்றவை.

ஊருக்குப் பெயர் தந்தவனாகக் கருதப்படும் மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268இல் அரியணை ஏறி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்டவன். காயலில் குதிரை வணிகம் செழித்தது அவன் காலத்தில்தான். அவனைப் பற்றி இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் தரும் செய்தி, தமிழ்நாட்டில் அவனைப் பற்றிப் பேசுவோர் அரிதாகவே எடுத்துச் சொல்வது. யாப்பகுவையில் இலங்கை மன்னன் முதலாம் புவனேகபாகு 1284இல் இறந்து, நாட்டில் பஞ்சம் நிலவியபோது, பாண்டியர் அனுப்பிய படை ஆரியச் சக்கரவர்த்தியின் தலைமையில் கடல் கடந்து, அந்தக் கோட்டையைக் கைப்பற்றியது. கொண்டுவந்த பொருள்களில் முதன்மையானது புத்தரின் புனிதப் பல். தலதா எனப்படும் அந்தத் தந்த தாதுவை வைத்திருப்பவரே இலங்கையின் முறையான அரசர் என்ற நம்பிக்கை அன்று வலுவாக இருந்ததால், அதை இழப்பது முடியை இழப்பதற்கு நிகர். சில ஆண்டுகள் அது குலசேகரனிடம் பாண்டிய நாட்டில் இருந்தது. அடுத்து ஆள வந்த மூன்றாம் பராக்கிரமபாகு, போரிட்டு மீட்க வழியில்லை என்று கண்டு, வீரர் சிலரோடு தானே பாண்டியனின் அவைக்கு வந்து, நாள்தோறும் உரையாடி அவன் மனத்தைக் கனியவைத்து, பல்லைப் பெற்றுக்கொண்டு பொலன்னறுவைக்குத் திரும்பினான். கவர்ந்ததைக் கேட்டவனிடம் திருப்பிக் கொடுத்த குலசேகரனின் செயல், அவன் பெற்ற எந்தப் போர் வெற்றியையும்விட நினைக்கத்தக்கது.

இன்றைய குலசைக்குப் பெருமை சேர்ப்பது முத்தாரம்மன் கோயில். ஞானமூர்த்தீசுவரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் இக்கோயிலின் தசரா, மைசூருக்கு அடுத்தபடியாகப் பெயர்பெற்றது. மைசூரில் அரச ஊர்வலத்தை மக்கள் நின்று பார்க்கிறார்கள். குலசையில் பார்ப்பவர், நடப்பவர் என்ற பிரிவே கிடையாது. வேண்டுதல் உள்ளவர்கள் 61, 48, 41, 21 என்று தத்தமக்கு இயன்ற நாள்கள் மாலை அணிந்து விரதம் இருக்கிறார்கள். நவராத்திரியின் முதல் நாள் கொடியேறியதும் காப்பு கட்டி, நேர்ந்துகொண்ட வேடத்தைப் பூணுகிறார்கள். காளி, அம்மன், அரசன், எமன், குரங்கு, கரடி, குறவன், குறத்தி, காவலர், செவிலி, பிச்சைக்காரன் என வேடங்கள் விரிகின்றன. ஊருக்கு ஒன்றாக அமையும் தசராக் குழுக்கள் மேளதாளத்தோடு ஊர் ஊராகச் சென்று காணிக்கை எடுத்து, பத்தாம் நாள் அதைக் கோயிலில் சேர்க்கின்றன.

காளி வேடம் எல்லாவற்றினும் கடுமையானது. அதற்கு வேண்டிய சடைமுடி, கிரீடம், நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், சூலாயுதம் ஆகியவை விழாக் காலத்தில் கடைகளில் குவிந்து கிடக்கும். சடைமுடி இடுப்புக்குக் கீழே தொங்கும். கிரீடத்தின் எடை தாங்காமல் கழுத்து சாயாதிருக்க அதைத் துணிக்கயிற்றால் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டுகிறார்கள். வீரப்பல்லை வாயில் கவ்விய பிறகு பேச்சு நின்றுபோகிறது. ஆதலால் காளி எவரிடமும் எதையும் கேட்பதில்லை. வாசலில் நின்று தட்டை நீட்டுவதோடு சரி. முகத்தில் பூசிய சிவப்புச் சாயம் வேர்வையில் வழிந்து கழுத்து மாலையை நனைக்க, மீசையை மழித்த மேலுதட்டின் மேல் பொடிப்பொடியாக நீர் அரும்பி நிற்கும். வீட்டுப் பெண்கள் குடத்து நீரைக் காலில் ஊற்றி, நாணயத்தையோ தாளையோ தட்டில் இட்டு, திருநீறு கேட்டுக் குனிகிறார்கள். குனியும் முதியவளுக்கு அந்தக் காளி பக்கத்துத் தெருப் பையன் என்று தெரியும், தெரிந்தே குனிகிறாள்.

பிச்சைக்காரன் வேடத்தின் பொருள் இதைவிட ஆழமானது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவரும் கடை முதலாளியும் கிழிந்த துணி உடுத்து, அலுமினியத் தட்டோடு சந்தைத் திடலில் நின்று தருமம் கேட்கிறார்கள். தேவை பணமாக இருந்தால் அவர்கள் அதைத் தம் பையிலிருந்தே உண்டியலில் போட்டிருக்கலாம். கேட்டுப் பெற்றதே காணிக்கை ஆகும் என்பது நேர்த்தியின் விதி. பௌத்தத் துறவியின் பிண்டபாதம், அதாவது ஓடேந்தி வீடுதோறும் சென்று இட்டதைப் பெற்று உண்ணும் ஒழுக்கம், இதே அடிப்படையில் எழுந்தது. கையேந்தும்போது அகந்தை கரைகிறது; இடுபவருக்கு அறம் சேர்கிறது. ஒழுக்கங்களின் ஒப்புமை கிளைவழி உறவைக் காட்டிவிடாது. குலசைத் தசரா அம்மன் வழிபாட்டின் மரபிலே வேரூன்றியது, அதைப் பௌத்தத்தின் எச்சம் என்று சொல்வது அந்த மரபுக்கு இழைக்கும் அநீதி. எனினும் ஆபுத்திரனைப் பாடிய நாட்டில், பிச்சை எடுப்பதை இழிவிலிருந்து மீட்டு நோன்பாக்கும் ஒரு விழா இன்றும் உயிரோடிருப்பது பௌத்தத்தைப் படிக்கும் எவரையும் இங்கே நிறுத்திவைக்கும்.

வேடம் மனிதனை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு உலகத் திரைப்படம் தந்த மிகச் சிறந்த விடைகளில் ஒன்று, கோன் இச்சிகாவா 1956இல் ஜப்பானில் எடுத்த ‘பர்மிய யாழ்’. இரண்டாம் உலகப்போரின் முடிவில் பர்மாவில் தனித்துவிடப்பட்ட ஜப்பானியப் படைவீரன் ஒருவன், உயிர் பிழைக்க ஒரு பிக்குவின் துவராடையைத் திருடி உடுத்துக்கொள்கிறான். வழியில் மக்கள் அவனை வணங்கிச் சோறு இடுகிறார்கள். புதைப்பாரற்றுக் கிடக்கும் பிணங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கும் அவன் மெல்ல மெல்லத் திருடிய ஆடைக்கு உரியவனாகி, தோழர்கள் தாயகம் திரும்பும்போது தான் மட்டும் பின்தங்கி, இறந்தோரை அடக்கம் செய்யும் துறவியாகவே நின்றுவிடுகிறான். திரைக்கு வெளியிலும் இவ்வாறு நடந்ததுண்டு. இலங்கையில் 2013இல் வெளிவந்த ‘ஸ்ரீ சித்தார்த்த கௌதம’வில் சித்தார்த்தராக நடித்த இந்திய நடிகர் ககன் மாலிக், அதன் பின்னர் பௌத்தத்தை ஏற்றுக்கொண்டார். குலசையில் காளியாக நின்றவர்கள் காப்பு அறுத்த மறுநாள் பழைய வேலைக்குத் திரும்பினாலும், விரத நாள்களில் விட்ட பழக்கங்களைத் தொடர்ந்து விட்டுவிட்டதாகச் சொல்பவர்களும் அவர்களில் உண்டு.

மணிமேகலையும் வேடம் பூண்டவளே. தன்னைத் தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து விலகிப் பசித்தோர்க்குச் சோறிட அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை ஏற்கிறாள். வஞ்சியில் சமயவாதிகளின் கூற்றுகளைக் கேட்க ஆண் துறவியின் உருவில் செல்கிறாள். 1940இல் இக்காப்பியம் படமானபோது அதில் நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள்; அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் ஆண் வேடத்தில் நந்தனாராகத் திரையில் தோன்றியவர் அவர். 1959இல் பி. பானுமதியும் டி.ஆர். மகாலிங்கமும் நடிக்க மீண்டும் ஒரு ‘மணிமேகலை’ வந்தது. இடையில், 1941இல், ராஜா சந்திரசேகர் இயக்கிய ‘அசோக் குமார்’ அசோகனின் மகன் குணாளனின் கதையைச் சொன்னது. தியாகராஜ பாகவதர் குணாளனாகவும் நாகையா அசோகனாகவும் கண்ணாம்பா திஷ்யரட்சிதையாகவும் நடித்தனர். குணாளன் கதையின் உயிர், கண் பறிக்கப்பட்ட இளவரசன் பாடிப் பிச்சையெடுத்துத் திரிவதில் இருக்கிறது. ஆயினும் தமிழ்ப் படங்கள் பௌத்தக் கதைகளில் அரண்மனைச் சூழ்ச்சியையும் காதலையும் பாட்டையும் தேடி எடுத்தன. ஓட்டை ஓரத்தில் வைத்துவிட்டன. பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024இல் புத்தர் சிலையைக் கதையின் நடுவில் நிறுத்தி, நிலத்தை இழந்தவர்களின் நினைவோடு அதைச் சேர்த்தபோதுதான் தமிழ்ப் பௌத்தம் திரையில் அரசவையை விட்டு மண்ணுக்கு இறங்கியது.

திரைப்படம் குலசைக்கு அயலானதன்று. தசராக் குழுக்கள் திரை நடிகர்களையும் ஆட்டக் கலைஞர்களையும் அழைத்துவருவது வழக்கமாகி, ஆபாச ஆட்டங்கள் குறித்த வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றிருக்கிறது. நோன்பிருந்து வீரப்பல் கவ்வி நிற்பவரின் அருகில் ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு முழங்குவது வருந்தத்தக்கது. பத்தாம் நாள் நள்ளிரவில் சிதம்பரேசுவரர் கோயில் முன் கடற்கரையில் மகிசாசுரன் தன் முகத்தோடும் பின் யானை, சிங்கம், எருமை, சேவல் முகங்களோடும் அம்மனை எதிர்த்து வீழும்போது, கூடிநிற்கும் இலட்சக்கணக்கானோர் இருட்டில் ஒரே திசையை நோக்குகிறார்கள். அசுரனும் முகம் மாற்றி மாற்றி வேடம் பூண்டே அழிகிறான் என்பது இங்கு வேடமிட்டு வந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்தக் கடற்கரைக்கு அப்பால் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஅரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குச் செலுத்தும் ஏவுகலம் இலங்கையின் மேல் பறக்காமலிருக்க வளைந்து செல்ல நேர்வதால் எரிபொருள் வீணாகிறது. குலசையிலிருந்து நேர் தெற்கே திறந்த கடலே இருப்பதால் சிறிய ஏவுகலங்களுக்கு இவ்விடம் ஏற்றதாயிற்று. குலசேகரனின் கப்பல்கள் தேடிச்சென்ற தீவை இன்றைய கலங்கள் ஒதுங்கிச் செல்லவேண்டியிருக்கிறது.

மணப்பாட்டின் மணற்குன்றும் அதன் உச்சியில் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலும் தொலைவிலேயே தெரிகின்றன. 1542இல் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை குன்றின் கடல்புறச் சரிவில் இருக்கிறது. கோயிலில் மெய்ச் சிலுவையின் துண்டு போற்றப்படுகிறது. சவேரியாரின் உடல் கோவாவில் போற்றப்படுகிறது. அதே கோவாவில்தான், போர்த்துக்கீசியர் 1560இல் யாழ்ப்பாணத்தில் கைப்பற்றிய, புத்தரின் பல் என்று நம்பப்பட்ட ஒரு பொருளை, பர்மாவின் பெகு மன்னன் பெருந்தொகை தர முன்வந்தும் மறுத்து, உரலில் இடித்து எரித்தார்கள். உண்மையான பல் அழியவில்லை என்பது இலங்கைப் பௌத்தரின் உறுதியான நம்பிக்கை; அது கண்டியில் இன்று வழிபடப்படுகிறது. ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் எச்சத்தை இன்னொருவர் உரலில் இடுவது எப்படி நேர்கிறது என்பதை, எச்சங்களைப் போற்றும் இந்தக் கரையில் நின்று எண்ணுவது எளிதாக இல்லை.

சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’யும் மணிரத்னத்தின் ‘கடல்’ படமும் எடுக்கப்பட்ட இந்தக் கரையை, எதிர்க்கரையின் திரைப்படங்கள் வேறு கண்ணால் பார்க்கின்றன. 2017இல் வெளிவந்த ‘ஆலோகோ உதபாதி’ என்ற சிங்களப் படம், பௌத்த மறைநூலான திரிபிடகம் அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்ட கதையைச் சொல்வது. அந்தக் கதையில் பஞ்சத்தோடும் போரோடும் வருபவர்கள் தென்னிந்தியப் படையெடுப்பாளர்கள். வாய்மொழியாகக் காத்த மறையைத் துறவிகள் எழுத்தாக்கிய அரும்பணியைப் போற்றும் அப்படத்தைத் தமிழர் பார்க்கவேண்டும்; தம் முன்னோர் அதில் எவ்வாறு தோன்றுகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அதற்கு ஈடாக இந்தக் கரை தரக்கூடிய கதையும் ஒன்று உண்டு. பகை நாட்டின் அவைக்குப் படையின்றி வந்த மூன்றாம் பராக்கிரமபாகு, முடியை ஒதுக்கி வைத்து இரவலன் நிலையில் நின்று, நாள்கணக்கில் பேசிப் பேசி ஒரு பல்லைக் கேட்டுப் பெற்ற கதை அது. வேடமும் ஓடும் பொருந்தி வரும் அந்தக் கதையைச் சிங்களத்தில் எடுத்தால் குலசேகரன் பகைவனாகவே நின்றுவிடக்கூடும், தமிழில் எடுத்தால் போர்க்களத்தோடு படம் முடிந்துவிடக்கூடும். இரு கரையாரும் சேர்ந்து எடுத்து, முதல் காட்சியைக் குலசைக் கடற்கரையில் தசராக் கூட்டத்துக்குத் திரையிட்டால் அதன் பொருளை விளக்கிச் சொல்ல எவரும் தேவைப்படமாட்டார்கள்.